கோர் தெ கார்த் படியில் பதினாறு சீர்

தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பே கத்ர் போர்ன் ஊரின் கோர் தெ கார்த் மலைக்கோவிலுக்குப் போய்விட்டேன். பூசத்தன்று மொரீஷியஸ் முழுக்க விடுமுறை. காவடிக் கூட்டத்தின் 'அரோகரா'வில் ஒரு பாட்டை நிதானமாகக் கேட்க முடியாது. தூறல். பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். பக்கத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி, காகிதத்தைப் பார்த்துக் கந்தர் அனுபூதியின் 51ஆம் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிறைவுப் பாட்டு அது.

உருவாய் அருவாய் உளதாய் இலதாய்
மருவாய் மலராய் மணியாய் ஒளியாய்க்
கருவாய் உயிராய்க் கதியாய் விதியாய்க்
குருவாய் வருவாய் அருள்வாய் குகனே

காகிதத்தில் இருந்தது பிரெஞ்சு எழுத்து.

"பொருள் தெரியுமாம்மா?"

"கொஞ்சந்தான், தொந்தொன். ஆனா மறக்காது."

தொந்தொன் என்றால் கிரியோலில் மாமா. மறக்காது என்றாளே, அது அருணகிரிநாதர் கட்டிய கட்டு. உரு-வாய்: இரு குறில் இணைந்த 'உரு' நிரை, நெடில் வரும் 'வாய்' நேர். இரண்டும் சேர்ந்த சீருக்குப் புளிமா என்று பெயர். மணி-யாய், கதி-யாய், குக-னே, எதைப் பிரித்தாலும் புளிமாதான். பதினாறு சீரும்! குறில், குறில், நெடில் என்றே நடை. இரண்டு படி ஏறி ஒரு மூச்சு நிற்பது போல. (மூட்டு வலிக்காரனுக்கு இந்த உவமைதான் தோன்றும்.)

எனக்கு ருசித்தது இன்னொன்று. 'குருவாய்' வரை பதின்மூன்று 'ஆய்'. எல்லாம் 'ஆகி' என்ற பொருளில். அடுத்த 'வருவாய்', 'அருள்வாய்' இரண்டும் அதே ஓசையில் வந்தாலும் வினைகள். பட்டியல் நீள்கிறது என்று காது நினைத்துக்கொண்டிருக்க, வாய் வேண்டுதலைத் தொடங்கிவிடுகிறது. பிறகு 'குகனே'. அதுவரை வராத ஏகாரம். கூப்பிட்டாயிற்று.

எதுகை, அதாவது அடியின் இரண்டாம் எழுத்து, நாலடியிலும் 'ரு'. கிரியோல் பேசும் நாக்கில் ரகரம் தொண்டைக்குள் கரைந்துவிடும். இவள் நாக்கில் அது கரையவில்லை. உரு, மரு, கரு, குரு என்று அடிக்கடி இடித்து இடித்துத் தேறியிருக்க வேண்டும்.

தடுக்கியது ஓரிடந்தான். பதினாறு சீரில் நடுவே மெய்யெழுத்து நிற்பது 'அருள்வாய்' ஒன்றில் மட்டும். அங்கே நாக்கு மடிந்து ஒரு கணம் தங்க வேண்டும். அவளோ 'அருல்வாய்' என்றாள். காகிதத்து எழுத்தில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே முகம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாக்கை மடித்துக் காட்டினேன். சிரித்தாள். இரண்டு முறை முயன்றாள். கீழிருந்து அவள் அம்மா கூப்பிட, காகிதத்தைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு நனைந்த படிகளில் பாடியபடியே இறங்கினாள்.

மூன்றாம் முறை, ள் விழுந்தது.