டயர் சுரண்டியவனுக்குக் கிடைத்த நாஸ்கார் வேலை

அமெரிக்காவின் சார்லட் நகரத்துக்கு மேற்படிப்புக்கு வந்தபோது என் கணக்கு எளிமையாக இருந்தது: இயந்திரப் பொறியியல், அதில் மோட்டார் பந்தயப் பிரிவு, அப்புறம் நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத் தொடரில் ஏதாவது ஓர் அணி. ஊரும் அதற்கேற்ற ஊர்தான். முன்னணி அணிகளின் பட்டறைகளில் பெரும்பாலானவை சார்லட், கன்கார்ட், மூர்ஸ்வில் வட்டாரத்திலேயே இருக்கின்றன. முதல் ஆண்டில் 30 விண்ணப்பங்கள் போட்டேன். பதில் எழுதியவர்கள் இரண்டே பேர். "இதுவரை எந்த வண்டியில் கை வைத்திருக்கிறீர்கள்?" என்று இருவருமே கேட்டிருந்தார்கள். என்னிடம் இருந்தது மதிப்பெண் பட்டியல்.

ஆகவே இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் முதலில் சனிக்கிழமை இரவுப் பந்தயம் நடக்கும் சிறிய ஓடுதளம் ஒன்றைத் தேடிப் போங்கள். நான் போனது 1951 முதல் பந்தயம் நடக்கும் ஹிக்கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு. அங்கே லேட் மாடல் எனப்படும் உள்ளூர்ப் பந்தய வண்டி ஓட்டும் பலர் வார நாளில் வேறு பிழைப்பு பார்ப்பவர்கள். உதவிக்கு ஆள் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மாணவர் விசாவில் இருந்தால், சம்பளமில்லாத உதவிக்கும் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிடைத்தது டயர் வேலை. ஓடி முடித்த டயரில் தளத்து ரப்பர் அப்பிக்கொண்டிருக்கும். பர்னரால் சூடு காட்டிச் சுரண்டி எடுத்தால்தான் அடியில் தேய்மானம் பார்ப்பதற்காக உள்ள சின்னக் குழிகள் தெரியும். அவற்றின் ஆழத்தை உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். நடுவில் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காற்று கூடுதல். பிறகு நாடாவைச் சுற்றிச் சுற்றளவு பார்க்க வேண்டும். நீள்வட்டத் தளத்தில் வண்டி இடப்பக்கமே திரும்புவதால் வலது டயர் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். அந்த வித்தியாசத்தை ஸ்டாகர் என்பார்கள்.

ஒரு சனிக்கிழமை வலப்பக்க டயர்களை வெயிலிலும் இடப்பக்க டயர்களை நிழலிலும் விட்டுவிட்டேன். முன்பு எடுத்த அளவு அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை. வெயிலில் காற்றழுத்தம் ஏறி வலது டயர்கள் பெருத்துவிட்டன. முதல் சுற்றிலேயே வண்டியின் பின்பக்கம் நழுவியது. உரிமையாளர் திட்டவில்லை. தார்ப்பாயை எடுத்து வந்து டயர்கள் மேல் போட்டுவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம் என்று தோன்றியது. அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் 'வெயில்' என்று ஒரு கட்டம் உண்டு.

பின்னர் ஓர் அணியின் நேர்காணலில், குறிப்பேட்டைப் புரட்டியவர் அந்தக் கட்டத்தில் நின்று, "இது எதற்கு?" என்றார். நடந்ததைச் சொன்னேன். மீதி நேரம் முழுக்க டயர் பேச்சுதான். மதிப்பெண்ணை அவர் கேட்கவே இல்லை.

அதற்காகப் படிப்பு வீண் என்று சொல்லவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் பந்தய ஆய்வுக்கூடத்துக்கு ஆலன் குல்விக்கியின் பெயர். பொறியியல் படித்துவிட்டு வண்டி ஓட்ட வந்தவர் அவர். 1992 நாஸ்கார் சீசனில் அட்லாண்டாவில் நடந்த கடைசிப் பந்தயத்தை வென்றது, பட்டத்துக்கு அவரோடு போட்டியிட்ட பில் எலியட். ஆனால் அதிகச் சுற்றுகள் முன்னணியில் ஓடியவருக்கான 5 புள்ளிகள், 103 சுற்றுக்கு 102 சுற்று என்ற கணக்கில் குல்விக்கிக்குப் போயின. சாம்பியன் பட்டத்தை அவர் 10 புள்ளிகளில் வென்றார்; அந்த 5 எலியட்டுக்குப் போயிருந்தால் இருவரும் சமம். இன்னும் எத்தனை சுற்று முன்னணியில் இருந்தால் போதும் என்று அவருடைய அணியினர் பிட்டில் (வண்டி நிறுத்திப் பராமரிக்கும் இடத்தில்) நின்று கணக்குப் போட்டார்களே, அந்த வேலைக்குத்தான் நாம் விண்ணப்பிக்கிறோம்.

பந்தயத்தின் நடுவே சுவர் தாண்டிக் குதித்து டயர் மாற்றும் ஆசை இருந்தால், அது வேறு பாதை. நாஸ்காரின் உச்சத் தொடரான கோப்பைப் பந்தயத்தில் அப்படிக் குதிக்கும் ஐவரில் பலர் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்கள். உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து தொடங்குங்கள்.

பிப்ரவரி முதல் நவம்பர் வரை புள்ளிக்கான பந்தயங்கள் மட்டும் 36. தீபாவளி பெரும்பாலும் சீசன் முடிவதற்குள் வந்துவிடும். வீட்டில் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.