இரண்டு வயதில் இளவரசன்

மெக்சிகோவில் பேரரசு இருமுறை தோன்றியது. இரண்டின் ஆயுளையும் கூட்டினாலும் ஐந்தாண்டுகளுக்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் வாரிசாகக் கருதப்பட்ட அகஸ்டின் தெ இதுர்பிதே, 1863 ஏப்ரலில் வாஷிங்டனில் பிறந்தவர். அவருடைய பாட்டனாரான முதலாம் அகஸ்டின் 1822இல் முடிசூடி, மறு ஆண்டே அதைத் துறந்து, 1824இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். தாய் ஆலிஸ் கிரீன் அமெரிக்கப் பெண்.

இரண்டாம் பேரரசில், பிரெஞ்சுப் படையின் துணையோடு அரியணை ஏறிய ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியானுக்குப் பிள்ளை இல்லை. உள்ளூர்ப் பரம்பரை ஒன்றோடு தம் ஆட்சியைப் பிணைத்துக்கொள்ள விரும்பிய அவர், 1865 செப்டம்பரில் இதுர்பிதே குடும்பத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். முதலாம் அகஸ்டினின் பேரப்பிள்ளைகள் இருவர் இளவரசர் பட்டம் பெற்றார்கள்; குடும்பத்தாருக்கு உதவித்தொகை உண்டு, ஆனால் அவர்கள் நாட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும். அவர்களில் ஒருவனான இரண்டு வயது அகஸ்டின் அத்தை ஹோசெஃபாவின் பொறுப்பில் அரண்மனையில் விடப்பட்டான்.

சில நாட்களிலேயே ஆலிஸுக்கு மனம் தாளவில்லை. பாதி வழியில் திரும்பி வந்து, பிள்ளையைத் தந்துவிடும்படி மன்றாடினாள். பேரரசரைப் பார்க்கலாம் என்று சொல்லி அவளை ஏற்றிக்கொண்ட வண்டி, அரண்மனைக்குப் போகாமல் நகரைக் கடந்து புவெப்லா சாலையில் ஓடியது. ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டவள்தானே என்று அவளைக் குறை சொல்வோர் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பெற்றவள் கேட்ட பிறகும் பிள்ளையைத் தராமல் வைத்துக்கொண்டவர் மீதே பழி சேரும் என்று நினைக்கிறேன். அவள் வாஷிங்டனிலும் பாரிசிலும் முறையிட்டும் பயனில்லை. பேரரசு சரியத் தொடங்கிய பிறகே, 1867இல், பிள்ளை ஹவானாவில் அவள் கைக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஜூன் 19 அன்று கெரெத்தாரோவில் மாக்சிமிலியானும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வளர்ந்த அகஸ்டின் வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் படித்து, மெக்சிகோ ராணுவத்தில் அதிகாரியானார். பட்டத்துக்கு அவர் உரிமை கொண்டாடவில்லை. ஆனாலும் 1890இல் மெக்சிகோ அதிபர் போர்ஃபிரியோ தியாஸின் ஆட்சியைக் கண்டித்து எழுதியதற்காகச் சிறை சென்று, பின்பு நாட்டைவிட்டே போக நேர்ந்தது. வாழ்வின் மிச்சத்தை ஜார்ஜ்டவுனில் மாணவர்களுக்கு ஸ்பானியமும் பிரெஞ்சும் கற்பித்துக் கழித்தார்.

1925 மார்ச்சில் அவர் இறந்தபோது, உடலை மெக்சிகோவுக்குக் கொண்டுபோகவில்லை. ஃபிலடெல்ஃபியாவில், புனித யோவான் தேவாலயத்தில், அவர் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன பாட்டி அனா மரியாவின் அருகில் அடக்கம் செய்தார்கள். நாடு கடந்து வந்து அங்கேயே கண்மூடிய அந்தப் பாட்டிதான் மெக்சிகோவின் முதல் பேரரசி.