மழை இறங்கும் வழி: பழைய பாய்ப்படகில் பினாங்கிலிருந்து லங்காவி வரை

மலேசியாவின் பினாங்குத் தீவிலிருந்து லங்காவித் தீவுக்கு ஏறத்தாழ 60 கடல் மைல். 36 அடிப் பாய்ப்படகு மணிக்கு 5 கடல் மைல் ஓடும் என்று வையுங்கள். விடியுமுன் நங்கூரம் எடுத்தால் பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேரலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை காலையில் வாடைக்காற்று வலப்பக்கத்திலிருந்து வீசும். வடக்கும் வடமேற்குமாகப் போகிற படகுக்கு இதைவிட இதமான காற்று கிடையாது. இரவுப் பயணம் மட்டும் வேண்டாம். இந்தக் கடலில் விளக்கில்லாத மீன்வலைகள் அதிகம். புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் இருட்டில் கத்தியோடு குதிக்க வேண்டிவரும்.

இந்த வழியில் நாற்பது, ஐம்பது வயதான படகுகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அவற்றில் 1970களில் தைவானில் கட்டிய ஃபைபர்கிளாஸ் படகுகள் தனி ரகம்: கனத்த உடல், நீண்ட கீல் (படகின் அடிமுதுகெலும்பு), தேக்குப் பலகை பதித்த மேல்தளம். புதுப் படகின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். வாங்கி அதிலேயே குடியிருக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். இவற்றுக்குக் கடல்நீரைவிட மழைநீரால்தான் கேடு அதிகம். உப்பு, ஊறுகாய் போட்டதுபோல மரத்தை ஓரளவு காப்பாற்றும். நல்ல தண்ணீர் அதே மரத்தை மக்க வைக்கும்.

கிளம்புமுன் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பார்க்க வேண்டும். 316 ரக ஸ்டீல் கம்பியை வெயிலும் காற்றும் அதிகம் கெடுப்பதில்லை. கம்பியின் கீழ்முனையை ஒரு குழாய்க்குள் செருகி நசுக்கிப் பிடித்திருப்பார்கள். மழை கம்பி வழியே இறங்கி அந்தக் குழாய்க்குள்தான் தங்கும். காற்று படாத இடத்தில் தேங்கிய நீர் பட்டால் ஸ்டீலின் மேலுள்ள காப்புப் படலம் மறுபடி உருவாகாது; உள்ளேயே குழிவிழுந்து அரிக்கும். அதனால் மேல்முனையைவிடக் கீழ்முனையில்தான் வெடிப்பு முதலில் தெரியும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸும் ஒரு துண்டுப் பஞ்சும் போதும். பஞ்சைச் சுற்றித் தேய்த்தால் அறுந்த இழை இழுத்துக்காட்டும். குழாயில் நீளவாக்கில் மயிரிழைக் கோடு தெரிந்தாலும் அந்தக் கம்பியை மாற்றியாக வேண்டும். வெப்பமண்டலத்தில் பத்து வருடத்துக்கு மேல் கம்பிகளை நம்பக் கூடாது என்பது என் கணக்கு. பளபளப்பை வைத்து மதிப்பிடுகிறவர்கள்தான் பாய்மரத்தை இழக்கிறார்கள்.

கம்பியைப் படகின் உடலோடு பிணைக்கும் ஸ்டீல் பட்டைக்கு செயின்பிளேட் என்று பெயர். தளத்தைத் துளைத்துக்கொண்டு போகும் அந்த ஓரிரு அங்குலமே ஆபத்தான இடம், ஏனென்றால் அது கண்ணில் படாது. கேபினுக்குள் மரச்சுவரில் பழுப்புக் கறை வழிந்திருந்தால் மேலே நீர் நுழைகிறது என்று பொருள். வருடத்துக்கு இரண்டு பட்டைகளையாவது கழற்றி, வெடிப்புக்குள் நிறச்சாயம் ஊடுருவுகிறதா என்று சோதனை செய்து, வெடிப்பில்லை என்றால் திரும்பப் பூட்டலாம். ஒரு பக்கத்தில் இரண்டை ஒருசேரக் கழற்றாதீர்கள்.

பினாங்குத் தீவைத் தாண்டியதும் கிழக்கே குனுங் ஜெராய் எழும். 1,217 மீட்டர் உயரம். தட்டையான கரையில் தனித்து நிற்பதால் நெடுந்தூரம் தெரியும். வங்கக்கடலைத் தாண்டி வந்த மரக்கலங்களுக்கு இதுவே அடையாள மலை. இதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கைத்தான் சோழர் கல்வெட்டுகள் சொல்லும் கடாரத்தோடு இணைக்கிறார்கள். ராஜேந்திர சோழனின் படை 1025 வாக்கில் இந்தக் கடலுக்கு வந்தது. ஜிபிஎஸ் இருந்தாலும் மலையைக் காம்பஸில் பார்த்து வரைபடத்தில் ஒரு கோடு போட்டு வைப்பது நல்லது. பழைய படகில் மின்சாரம் எப்போது கைவிடும் என்று யாரும் சொல்ல முடியாது.

நண்பகலில் காற்று செத்துவிடும். இன்ஜினைப் போட வேண்டிய நேரம். அந்தக் காலப் படகுகள் பலவற்றில் பெர்கின்ஸ் 4-108 இருக்கும்: நான்கு சிலிண்டர், 1.76 லிட்டர் டீசல். பின்பக்க சீலில் எண்ணெய் கசியும், அதற்கு ஒரு தட்டு வைத்துவிட்டு விட்டுவிடலாம். பிரச்சினை டேங்கில் இருக்கிறது. மேல்தளத்து டீசல் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்துபோனால் மழைநீர் நேரே டேங்குக்குள் போகும். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்றும் குளிர்ந்து நீராகும். நீரும் டீசலும் சேரும் எல்லையில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புக் கூழாகக் கிடக்கும். துறையில் நிற்கும்வரை சும்மா இருக்கும். கடல் குலுக்கினதும் எழுந்து வந்து ஃபில்டரை அடைக்கும். தைவான் படகுகளின் இரும்பு டேங்க் வெளியிலிருந்தும் துருப்பிடிக்கும், காரணம் அதன் மேலே ஒழுகும் தளம்.

ஃபில்டர் மாற்றினால் குழாயில் காற்று புகும். அதை வெளியேற்றும் வரிசை இது. இன்ஜின் மேலுள்ள ஃபில்டரின் தலை போல்ட்டைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் சிறு நெம்புகோலைக் கையால் அடிக்க வேண்டும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்கலாம். பிறகு இன்ஜெக்ஷன் பம்பின் கீழ்த் திருகு, அதன்பின் மேல் திருகு. கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து ஸ்டார்ட்டரைச் சுற்றினால் டீசல் துளிர்க்கும், ஒவ்வொன்றாக இறுக்குங்கள். நெம்புகோல் தொளதொளவென்று இருந்து பம்ப் அடிக்காவிட்டால் பம்ப் கெடவில்லை, அதை இயக்கும் கேம் உச்சியில் நிற்கிறது. இன்ஜினை ஒரு சுற்றுத் திருப்பினால் சரியாகும். இது தெரியாமல் நல்ல பம்பைத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு.

இதில் ஒரு எச்சரிக்கை. இன்ஜின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றினால் கடல்நீர்ப் பம்பும் கூடவே சுற்றும். நீரைத் தள்ளிவிடப் புகை இருக்காது. சைலன்சர் நிரம்பி, எக்ஸாஸ்ட் வழியே பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள் போய்விடும். ஆகவே காற்றெடுக்கும்போது கடல்வால்வை (கடல்நீர் உள்ளே வரும் துளையின் வால்வு) மூடுங்கள். பிடித்த மறுநொடி திறங்கள். மறக்காமலிருக்க இன்ஜின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியில் மாட்டி வைப்பது பழைய பழக்கம்.

புரொப்பெல்லர் தண்டு உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் மெழுகிட்ட திரிக் கயிறு அடைத்திருக்கும். ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். அதுதான் தண்டைக் குளிர்விக்கிறது. ஒரு சொட்டும் விழாதபடி இறுக்கினால் தண்டு சூடாகித் தேயும். மாற்றும்போது திரியைச் சுருளாகச் சுற்றாமல் தனித்தனியே மூன்று வளையங்களாக, முனைகளைச் சாய்வாக வெட்டி, இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வராதபடி திருப்பி வையுங்கள்.

லங்காவிக்குத் தெற்கே சுமார் 19 கடல் மைலில் புலாவ் பாயார். கடல் பூங்கா, பவளத்தில் நங்கூரம் போடக் கூடாது, மிதவையில்தான் கட்டலாம். அங்கிருந்து லங்காவிக் கூட்டத்தின் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழுவது தெரியும். தயாங் புந்திங் தீவின் ஓரக் கால்வாய்கள் அமைதியானவை, அடியில் சேறு. தலைக்கு மேலே செம்பருந்து வட்டமிடும். குரங்குகள் இருக்கும் கரையில் பையைத் திறக்காதீர்கள்.

நங்கூரச் சங்கிலிக் கணக்கில் ஓதத்தை (கடலின் ஏற்ற இறக்கம்) விட்டுவிடுவது பொதுவான தவறு. இறக்கத்தில் 5 மீட்டர் ஆழம், பெரிய ஏற்றத்தில் கூடுதலாக 3 மீட்டர், அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் 1 மீட்டர். ஆக 9 மீட்டர். ஐந்து மடங்கு, 45 மீட்டர் சங்கிலி. படகுப் பக்க முனையில் 12 மில்லிமீட்டர் நைலான் கயிற்றை எட்டு மீட்டர் கட்டிச் சுமையை அதற்கு மாற்றுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் மேற்கிலிருந்து ‘சுமத்ரா’ என்னும் புயல்வரிசை வரும். அரை மணியில் காற்று மணிக்கு 40 கடல் மைல் வேகத்தை எட்டலாம், கூடவே கொட்டும் மழை.

மேல்தளம் ஒழுகுகிறதா என்பதை அந்த மழையே காட்டிக் கொடுக்கும். தளம் என்பது இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்சா மரமோ ப்ளைவுட்டோ வைத்தது. அதன்மேல் தேக்குப் பலகையைப் பதிக்க நூற்றுக்கணக்கான திருகுகள். ஒவ்வொரு திருகும் ஒரு துளை. நீர் நுழையும் இடமும் கேபினுக்குள் சொட்டும் இடமும் மூன்றடி தள்ளிக்கூட இருக்கும், ஆகவே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே சிலிக்கான் பூசிப் பயனில்லை. பிளாஸ்டிக் சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று கேட்கும், ஊறிய இடம் பழுத்த பலாப்பழத்தைத் தட்டியதுபோல ‘தொப்’பென்று கேட்கும். அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

கம்பித்தூண், கிளீட் (கயிறு கட்டும் கொம்பு) போன்றவற்றின் போல்ட் துளைகளுக்கு நிலையான வைத்தியம் ஒன்று உண்டு. 6 மில்லிமீட்டர் போல்ட் என்றால் மேல்தகட்டையும் நடுமரத்தையும் 12 மில்லிமீட்டராக அகட்டுங்கள், கீழ்த்தகட்டை விட்டுவிடுங்கள். வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டிச் சுழற்றிச் சுற்றியுள்ள மக்கிய மரத்தைக் குடைந்தெடுத்து, நன்றாக உலரவிட்டு, அடியில் டேப் ஒட்டுங்கள். முதலில் நீர்த்த எபாக்ஸியை (ஹார்ட்னர் கலந்தால் இறுகும் பிசின்) ஊற்றி மரத்தைக் குடிக்கவிட்டு, பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்புங்கள். இறுகியதும் நடுவே 6 மில்லிமீட்டர் துளை. துளையின் வாயைச் சற்றுச் சரிவாகச் செதுக்கி, பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து முடுக்குங்கள். இனி அந்தத் துளையில் ஒழுகினாலும் நீர் மரத்தைத் தொடாது. நம்மூர் வெப்பத்தில் 200 கிராம் எபாக்ஸியை ஒரே கோப்பையில் கலந்தால் புகைந்து இறுகிவிடும். மெதுவான ஹார்ட்னரோடு 100 கிராம் மட்டும் கலந்து உடனே அகலத் தட்டில் ஊற்ற வேண்டும்.

கரையேற்றி வேலை பார்க்க ரெபாக் தீவின் மரினா வசதி. 2004 சுனாமியில் சேதப்பட்டு மீண்ட இடம். லங்காவி 1987 முதல் தீர்வையில்லாத் தீவு. கூவா ஊரில் நட்டு, போல்ட், பெயின்ட் எல்லாம் கிடைக்கும். தமிழ் முஸ்லிம் கடைகளில் ‘ரொட்டி சானாய்’ பரோட்டாவும் ‘தே தாரிக்’ தேநீரும் உண்டு. அட்டைப்பெட்டிகளைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டுச் சாமானை மட்டும் படகுக்கு எடுத்துப் போங்கள். மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும்.

படகு கரையேறியதும் கொட்டலசைச் (அடியில் ஒட்டி வளரும் சிப்பி போன்ற உயிர்) சுரண்டிவிட்டு, நீருக்குள் இருக்கும் பரப்பைக் கணக்கிடுங்கள். நீர்மட்ட நீளம் 9 மீட்டர். அகலமும் ஆழமும் சேர்ந்து 5.1 மீட்டர். நீண்ட கீல் என்பதால் அப்படியே பெருக்கி 46 சதுர மீட்டர். அவை ஒட்டாமல் தடுக்கும் தாமிரப் பெயின்ட் லிட்டர் 9 சதுர மீட்டருக்கு வரும்; ஒரு பூச்சுக்கு 5 லிட்டருக்குச் சற்று மேல். மூன்று பூச்சுக்கு 16 லிட்டர். உடலில் கொப்புளம் இருந்து, குத்தினால் வினிகர் வாடையோடு நீர் வந்தால் கவலைப்பட்டுப் படகையே வேண்டாமென்று தள்ளிவிடாதீர்கள். எண்ணிவிடக்கூடிய சில கொப்புளங்களைச் சாணைபிடித்து, பலமுறை நன்னீரில் கழுவி, உலர்த்தி எபாக்ஸி அடைத்தால் போதும். கழுவுவதுதான் முக்கியம், உள்ளே தங்கிய ரசாயனம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கடல்வால்வுகளையும் இப்போதே சுரண்டிப் பாருங்கள். வெண்கலம் மஞ்சளாக மினுங்கும். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோயிருந்தால் செம்பின் ரோஜா நிறம் தெரியும். அப்படிப்பட்டதைத் தட்டினாலே உடையும்.

மழைக்காலத்தில் ஊருக்குப் போவதானால் படகைக் கரையில் ஏற்றிவிட்டுப் போவார்கள். பத்திரம் என்று நினைத்து எல்லா வால்வையும் மூடிவிடுவது வழக்கம். பாய்மரம் தளத்தைத் துளைத்துக் கீல்வரை இறங்கும் படகில் மழை பாய்மரத்தின் உட்புறமாகவே வழிந்து வரும்; வால்வுகள் மூடியிருந்தால் அது வெளியேற வழியில்லை. சோலார் கேபிள் ஒன்று கழன்றால் பேட்டரி தீரும், நீரை இறைக்கும் பம்ப் நிற்கும், தரையில் நிற்கும் படகுக்குள் இன்ஜின் மூழ்கும். அதனால் வேகமானியின் சென்சாரை அடியிலிருந்து கழற்றி அந்தத் துளையைத் திறந்தே விடுங்கள். அந்த மட்டத்துக்கு மேல் நீர் ஏறாது. துளையில் ஸ்டீல் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் குளவி மண்கூடு கட்டி அடைத்துவிடும். சென்சாரையும் அதன் மூடியையும் ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்கவிட்டால், படகை மறுபடி நீரில் இறக்கும் நாளில் கண்ணில் படும்.