அவரவர் விரல்தான் அளவு

மும்பையில் டோம்பிவிலியிலிருந்து சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்கு ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். உட்கார இடம் கிடைத்தாலும் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒட்டிக்கொள்ளும் ஃபோர்த் சீட்தான், பாதி உடம்பு அந்தரத்தில் நிற்கும். மற்ற நாளெல்லாம் கைப்பிடியில் தொங்கல். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே பிடரியில் பிடித்த வலி நெற்றிக்கு ஏறியிருக்கும். மாத்திரை போட்டுப் போட்டு வயிறு எரிய ஆரம்பித்ததும், அக்குபிரஷர் (புள்ளிகளை விரலால் அமுக்கும் வைத்தியம்) தெரிந்த கீழ்வீட்டு மாமியிடம் போய் நின்றேன்.

"கட்டைவிரலை ஆள்காட்டி விரலோட ஒட்டி வை. மேடு ஒண்ணு எழும்பறதா? அதோட உச்சிதான். இப்போ விரலைத் தளர்த்திண்டு, ஆள்காட்டி விரல் எலும்புப் பக்கமா அமுக்கு."

அமுக்கினேன். ஒன்றுமில்லை. ஒரு நூல் தள்ளி அமுக்கியதும் ஒரு மாதிரி கனத்த, இழுக்கிற வலி. "அதான்" என்றார். இரண்டு நிமிஷம், பிறகு அடுத்த கை.

குமட்டலுக்கான புள்ளியில்தான் ஏமாந்தேன். மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் முழங்கைப் பக்கமாக, கையின் உள்பக்கம், இரண்டு நரம்பு மாதிரித் தெரிகிற தசைநாண்களுக்கு நடுவே. முதலில் மாமி தன் விரலை வைத்து அளந்து காட்டியிருந்தார். அவர் விரலோ வெண்டைக்காய்; என்னுடையது வாழைக்காய். நாலு நாள் தப்பான இடத்தையே அமுக்கிக்கொண்டிருந்தேன். உன் கைக்கு உன் விரல்தான் அளவு என்று பிறகுதான் சொன்னார்.

அவசரத்தில் இன்னொரு கூத்து: பேனா மூடியால் அழுத்தி, கை கன்றிப் போய், ஆபீஸில் எல்லாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. விரலில் உருட்டி அழுத்த ரயிலில் வாங்கிய முள்ளு மோதிரம் பையன் கைக்குப் போய்விட்டது.

எனக்கு நிஜமாகவே கைகொடுத்தது பிடரிதான். மண்டையோட்டு எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே, கழுத்துத் தசைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு குழி. கட்டைவிரல் இரண்டையும் அங்கே கொடுத்து, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் தலையின் பாரமே அழுத்திக்கொடுக்கும். கண்ணை மூடி மெதுவாகப் பத்து மூச்சு. வலி போகவில்லை, இறங்கியது. புள்ளியாலா, பத்து மூச்சு சும்மா இருந்ததாலா? மாமியிடம் இதைக் கேட்டால் அடி விழும்.

நாத்தனார் ஏழு மாதம். அவள் தலைவலி என்றதும் கையைப் பிடிக்கப் போனேன். மாமி பாய்ந்து வந்து தடுத்தார். கட்டைவிரல் மேடும் தோள்பட்டை உச்சியும் கர்ப்பிணிகளுக்குத் தொடக்கூடாதாம், பிரசவ வலியைத் தூண்டிவிடும் என்பதால்.

ஒரு நாள் வலியோடு வலது கை விரல்களும் மரத்தன. அன்றைக்கு எதையும் அமுக்காமல் நேரே டாக்டரிடம் போனேன். கழுத்துப் பயிற்சி கொடுத்தார், தோளில் மாட்டும் பையின் கனத்தைக் குறைக்கச் சொன்னார். டிபன் டப்பாவும் குடையும் இப்போது தனிப் பையில். மாத்திரை அட்டை கைப்பையில் அப்படியேதான் இருக்கிறது. இந்த மாதம் இரண்டுதான் குறைந்திருக்கிறது.