மாத்திரையால் வந்த அசைவும், மாத்திரையை நிறுத்தாத வைத்தியமும்

அக்கா மனச்சிதைவு நோய்க்கு வெகுகாலமாக மாத்திரை சாப்பிடுகிறாள். முதலில் ஹாலோபெரிடால், பிறகு ரிஸ்பெரிடோன். காதில் கேட்ட குரல்கள் அடங்கி, வேலைக்குப் போய், தன் கணக்கு வழக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு அவள் வந்தது அந்த மாத்திரைகளால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் பாதி படித்துவிட்டு யாராவது மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

அசைவு ஆரம்பித்தது வாயில். உதடு குவிந்து விரியும். தாடை எதையோ அசைபோடும். நாக்கு உள்ளிருந்து கன்னத்தை முட்டும். "என்னக்கா மெல்றே?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லையே, ஏன்?" என்பாள். மழுப்பவில்லை, அவளுக்கு நிஜமாகவே தெரியாது. இந்த அசைவு உள்ள பலருக்கும் அப்படித்தான். தூங்கினால் அடங்கிவிடும், பதற்றமானால் கூடும். அதனால் பார்ப்பவர்கள் நரம்புத் தளர்ச்சி என்பார்கள், கெட்ட பழக்கம் என்பார்கள். நாங்கள் முதலில் போனது பல் மருத்துவரிடம், நாக்கோரத்தில் இருந்த புண்ணுக்காக. கூரான பல்லைத் தேய்த்துவிட்டார். புண் ஆறியது, மறுபடி வந்தது.

மனநல மருத்துவரைப் பார்க்கப் போகும்முன் அவளிடம் கேட்டுக்கொண்டு போனில் வீடியோ எடுத்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கொஞ்சம், பேசும்போது கொஞ்சம், நடக்கும்போது கொஞ்சம். இதை எல்லோருக்கும் சொல்வேன், ஏனென்றால் மருத்துவர் அறையில் சிலருக்கு அசைவு குறைந்துவிடும். அக்கா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "எத்தனை நாளாடா இப்படி இருக்கேன்? ஏன் யாரும் சொல்லலை?" என்றாள்.

மருத்துவர் அதற்கு வைத்த பெயர் டார்டிவ் டிஸ்கினீசியா. மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் டோப்பமின். அது வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளை அடைக்கும் மருந்துகளை வெகுநாள் எடுக்கும்போது, அந்த ஏற்பிகள் அளவுக்கு மீறிக் கூருணர்வு பெற்றுவிடுகின்றன என்பதுதான் இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். வயது ஏறினால் ஆபத்து கூடும். பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அதிகம்.

பிறகு சோதனை. நம் கட்டுப்பாட்டில் இல்லாத அசைவுகளை அளக்கும் ஏ.ஐ.எம்.எஸ். என்ற அளவுகோல், அமெரிக்காவில் 1976 முதல் புழக்கத்தில் இருப்பது. வாயில் ஏதாவது இருக்கிறதா, பல்செட் உண்டா, பல்வலி உண்டா என்று முதலில் கேட்டார். செருப்பைக் கழற்றச் சொல்லி, கை வைக்காத நாற்காலியில் உட்கார வைத்தார். வாயைத் திறக்க வேண்டும், நாக்கை நீட்ட வேண்டும். பிறகு கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தட்டச் சொன்னார். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் விரலைப் பார்க்கவே இல்லை, வாயையும் கால் விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். கவனம் கைக்குப் போனதும் வாய் தன்போக்கில் ஆடத் தொடங்கியது. முகம், உதடு, தாடை, நாக்கு, கை, கால், உடம்பு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். 0 என்றால் அசைவே இல்லை, 4 என்றால் கடுமை. அக்காவுக்கு நாக்கில் 3.

"வேற என்ன மாத்திரை போடறீங்க? எல்லாத்தையும் காட்டுங்க" என்றார். பையைக் கொட்டினோம். குமட்டலுக்கு அவள் அவ்வப்போது போட்டுக்கொள்ளும் மெட்டோக்ளோபிரமைடைத் தனியே எடுத்து வைத்தார். வயிற்று மாத்திரைதானே என்று நாங்கள் அதைக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. அதுவும் டோப்பமினை அடைப்பதுதான். 12 வாரத்துக்கு மேல் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-லேயே கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறது. அது அன்றைக்கே நின்றது.

அடுத்து கைநடுக்கத்துக்காகக் கொடுத்திருந்த டிரைஹெக்சிபெனிடில். 'பக்கவிளைவுக்கான மாத்திரை' என்றே வீட்டில் அதற்குப் பெயர். நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் அது உதவும், ஆனால் இந்த வாய் அசைவை அது கூட்டிவிடலாம். அதைப் படிப்படியாகக் குறைத்தார்.

இனிதான் பொறுமை தேவைப்பட்ட கட்டம். ரிஸ்பெரிடோனைச் சட்டென்று நிறுத்தினால் குரல்கள் திரும்பலாம், அசைவும் கூடலாம். அளவைக் கூட்டினாலோ அசைவு தற்காலிகமாக மறைந்து ஏமாற்றும். அதனால் ரிஸ்பெரிடோனைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இந்தத் தொல்லை குறைவாகத் தரும் குவெட்டியாபினை ஏற்றுவது என்று முடிவானது. அதே நோய்க்கான இன்னொரு மருந்து குளோசபினும் பேச்சில் வந்தது. அதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும், அக்காவுக்கு இப்போது அவசியமில்லை என்று விட்டுவிட்டார். "நடுவுல கொஞ்சம் மோசமாகும், பயப்படாதீங்க" என்று அவர் சொன்னது பலித்தது. சில வாரம் தோள்கூடத் துடித்தது. அந்த நாட்களில் நான் வாயைவிட அவள் தூக்கத்தைத்தான் கவனித்தேன். எங்கள் வீட்டில் நோய் திரும்புவதற்கு முதல் அடையாளம் தூக்கம் கெடுவது.

மனசு நிலையாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அசைவுக்கென்றே ஒரு மருந்து. டெட்ராபெனசின். நரம்புமுனைகளில் டோப்பமினைச் சேமிப்புப் பைகளுக்குள் ஏற்றும் விஎம்ஏடி2 என்ற புரதத்தை அது தடுக்கிறது. அதே வழியில் வேலை செய்யும் வால்பெனசினும் டியூடெட்ராபெனசினும் 2017-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்றவை. வால்பெனசின் நாளுக்கு ஒரு வேளை போதும். ஆனால் அவை எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. டெட்ராபெனசின் உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடுவதால் நாளுக்குப் பல வேளை போட வேண்டும்.

ஆரம்பிக்கும்முன் ஈசிஜி எடுத்தார்கள், குவெட்டியாபினோடு சேரும்போது இதயத்துடிப்பின் மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டுமாம். மனச்சோர்வோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமோ எப்போதாவது வந்ததுண்டா என்று அக்காவைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். இந்த மருந்து அதைக் கிளப்பிவிடக் கூடும். மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்செட்டின், பராக்செட்டின் மாத்திரைகளை எடுக்கிறாளா என்றும் கேட்டார். அவை கூட இருந்தால் டெட்ராபெனசின் உடம்பில் அளவுக்கு மேல் தங்கிவிடும்.

12.5 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றினோம். முதலில் தெரிந்தது தூக்கக் கலக்கம். அப்புறம் நடை மெதுவானது, கை வீசாமல் நடந்தாள். உடனே சொன்னோம், ஒரு படி இறக்கினார்கள். அந்த அளவிலேயே, சில வாரத்தில், நாக்குப் புண் ஆறியது. மறுபடி வரவில்லை. அடுத்த சோதனையில் நாக்குக்கு 1, தாடைக்கு 1.

சுத்தமாகப் போய்விடவில்லை. களைப்பானாலோ யாரிடமாவது கோபப்பட்டாலோ உதடு குவிகிறது. இந்தத் தடவை மருத்துவர், "இன்னும் கொஞ்சம் ஏத்திப் பார்க்கலாமா?" என்று கேட்டார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள். "வேணாம் டாக்டர். வாய் கொஞ்சம் ஆடினா ஆடட்டும். ஆபீஸ்ல தூங்கி வழிய என்னால முடியாது." மருத்துவர் அதே அளவை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவுகோல் சோதனை, நடுவில் மனசு வாடினாலோ நடை மாறினாலோ உடனே போன்.