ஐந்து முகமும் ஐந்தாகவே வந்தன: குத்துவிளக்கு ஸ்கேன் அனுபவம்

நேற்று இரவு அப்பத்தாவின் பித்தளைக் குத்துவிளக்கு, ஐந்து முகங்களோடும் முப்பரிமாண ஸ்கேனாகக் கணினித் திரையில் முழுதாக எழுந்து நின்றது. இதற்கு முன் ஆறு முறை முயன்றும், எண்ணெய் ஊற்றும் தகழி ஒரு தடவைகூட ஒழுங்காக வரவில்லை. ஒரு மெஷ்ஷில், அதாவது ஸ்கேனர் தரும் முப்பரிமாண வலை வடிவத்தில், ஆறு முகங்கள் இருந்தன.

பளபளப்புதான் காரணம் என்று முதலில் நினைத்து, டால்கம் பவுடரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கலந்து மெல்லியதாகத் தெளித்தேன். மெஷ் முழுவதும் முள் முளைத்ததுபோல் நின்ற பிசிறுகள் அதோடு அடங்கிவிட்டன. ஆனால் தண்டு மட்டும் கோணலாகவே வந்தது. காலிப்பரை எந்தப் பக்கம் வைத்தாலும் 24.6 மில்லிமீட்டர் காட்டிய இடம், மெஷ்ஷில் ஒரு வாக்கில் 24 ஆகவும் மறு வாக்கில் 27 ஆகவும் இருந்தது.

உண்மையான காரணம் விளக்கின் உருண்டை வடிவம். ஸ்கேனர் ஒவ்வொரு ஃபிரேமையும் முந்தைய ஃபிரேமோடு பொருத்திப் பார்த்தே பொருள் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கணக்கிடுகிறது. கடைசல் பிடித்த தண்டோ 15 பாகை திரும்பினாலும் அதே தண்டாகத்தான் தெரியும் என்பதால், அது திரும்பவே இல்லை என்று மென்பொருள் முடிவு கட்டிவிடுகிறது. தகழியும் 72 பாகைக்கு ஒருமுறை தன்னைப்போலவே தெரிகிறது. விளக்கின் மேலேயே மார்க்கர் (ஸ்கேனர் அடையாளம் வைத்துக்கொள்ளும் புள்ளி ஸ்டிக்கர்) ஒட்டலாம் என்றாலும், கடைசலின் நுண்ணிய வரிகள் அவற்றின் அடியில் மறைந்துவிடும் என்பதால் எனக்கு மனம் வரவில்லை.

மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் வாங்கி வைத்திருந்த, வண்ணம் பூசாத சுட்ட மண் குதிரைகள் நான்கும் கைகொடுத்தன. அவற்றைச் சுழல்மேடையின் ஓரத்தில், வெவ்வேறு உயரமுள்ள மரக்கட்டைகளின் மேல், சம இடைவெளி இல்லாமல் வெவ்வேறு திசை பார்த்து நிற்க வைத்தேன். உயரம் மாறுவது மிக முக்கியம். எல்லாக் குதிரைகளும் தரையில் நின்றால் பாதத்தை எடுக்கும்போது மட்டுமே உதவும், தண்டுக்கு ஏறியதும் ஸ்கேனர் மறுபடி வழி தவறும். சுட்ட மண் பளபளக்காமல் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும் என்பதால் அவற்றுக்குப் பவுடரும் தேவைப்படவில்லை. ஒரு முழுச் சுற்று முடிந்தபோது முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் பிசகாமல் ஒட்டின. பிறகு குதிரைகளை மென்பொருளில் வெட்டி நீக்கி அளந்தேன். அதே தண்டு 24.7 காட்டியது. மிகுதி பவுடரின் கனமாக இருக்கலாம். இந்தத் துல்லியத்தை இவ்வளவு எளிய பொருள்களால் எட்டியதில் எனக்கு மிகுந்த பெருமை.

ஆல்கஹாலை மாசி வீதிப் பக்கம் உள்ள ஒரு ரசாயனக் கடையில் சில்லறையாகவே வாங்க முடிந்தது. விலை கொடுத்து ஸ்கேனிங் ஸ்பிரே வாங்கும் முன் இதை முயன்று பாருங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பில்லாமல் தெளியுங்கள்.

ஃப்யூஷன் என்ற வடிவமைப்பு மென்பொருளில் பாதத்தையும் தண்டையும் முடித்துவிட்டேன். மெஷ்ஷை நடுவே வெட்டி, கிடைத்த விளிம்பின் மேல் பாதிக் கோட்டை வரைந்து சுழற்றினால் போதும். உச்சியிலுள்ள அன்னத்தின் இறகுகள் அப்படி அடங்காதவை என்பதால் அதை மெஷ்ஷாகவே வைத்துக்கொள்ளப் போகிறேன். தகழி இன்னும் பாக்கி. அதற்குள் வார்ப்பைப் பற்றிய எண்ணம் வந்துவிட்டது: பித்தளை ஆறும்போது ஏறத்தாழ 1.5 விழுக்காடு சுருங்கும் என்பதால், அச்சுக்கான மாடலை அந்த அளவுக்குப் பெரிதாக்கித் தனிக் கோப்பாகச் சேமித்திருக்கிறேன்.