ரஸ்தாளிக் கன்றுக்குள் இருந்தது

போன வருஷம் கொல்லையில் நட்ட நாலு ரஸ்தாளி வாழையும் குலை தள்ளுவதற்கு முன்பே போய்விட்டன. முதலில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளடித்தன, தண்ணீர் போதவில்லை போல என்று இன்னும் கொஞ்சம் விட்டேன். கொஞ்ச நாளில் இலைகள் காம்போடு மடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கின, குருத்து மட்டும் பச்சையாக நின்றது. அடித்தண்டு நீளவாக்கில் வெடித்திருந்தது. ஒன்றைச் சாய்த்துக் கிழங்கைக் குறுக்கே வெட்டினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் செம்பழுப்புப் புள்ளிகள், தண்டைக் கீறினால் அதே நிறத்தில் கோடுகள் மேலே ஓடின.

வாடல் நோய். பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற பூஞ்சை மண்ணிலிருந்து வேர் வழியாக நுழைந்து, நீர் ஏறும் குழாய்களில் குடியேறிவிடுகிறது. அதைத் தடுக்க மரம் அந்தக் குழாய்களையே பசை போன்ற பொருளால் அடைக்கிறது, பூஞ்சையும் உள்ளே பெருகுகிறது, கடைசியில் தண்ணீர் மேலே போக வழியில்லை. காலடியில் ஈரம் இருக்க, மரம் தாகத்தில் சாகிறது.

நான் வாங்கி வந்த கன்றுகள் அத்தனை செழிப்பாக இருந்தன, அதுதான் இன்னும் உறுத்துகிறது. நோய் உள்ள தாய் மரத்தின் பக்கக் கன்று வெளியே ஒரு அடையாளமும் காட்டாமல் பூஞ்சையைச் சுமந்து வரும் என்று அப்புறம்தான் தெரிந்தது. கன்றைப் பார்த்த நான் தாயைப் பார்க்கவில்லை.

அதற்காகச் செடிக்குள் பூஞ்சை இருந்தாலே நோய் என்று நினைத்துவிட வேண்டாம். ஆரோக்கியமான செடிகளின் வேரிலும் தண்டிலும் இலையிலும் பூஞ்சைகள் சத்தமில்லாமல் வாழ்கின்றன. இதே பியூசேரியம் ஆக்ஸிஸ்போரத்தின் சாதுவான வகைகள் நல்ல வாழை வேருக்குள்ளேயே இருக்கின்றன, சில வேரைத் துளைக்கும் நூற்புழுவைக்கூடக் கட்டுப்படுத்துகின்றன. தக்காளியில் வாடலை உண்டாக்கும் வகையின் ஒரு குரோமோசோம் சாதுவான வகைக்குப் போய்ச் சேர்ந்தபோது அதுவும் தக்காளியைத் தாக்கத் தொடங்கியது என்று 2010-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கொல்வதும் கூட வாழ்வதும் ஒரே குடும்பம், நடுவில் இருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

லத்தீன் அமெரிக்காவின் குரோ மிஷேல் என்ற வாழை ரகத் தோட்டங்களை அழித்ததும் இந்தப் பூஞ்சைதான். அதற்குப் பதிலாக வந்த கேவண்டிஷ் ரகத்தை இப்போது இதே பூஞ்சையின் டிஆர்4 என்ற வகை தாக்குகிறது, பீகார் வரை வந்துவிட்டது.

இதன் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், அதனால் அந்த மூலையில் இனி வாழை கிடையாது. எதிர்ப் பக்கத்தில் பூவன் வைத்திருக்கிறேன், அதற்கு இந்த வாடல் அவ்வளவாக வருவதில்லை. குழியில் தொழு உரத்தோடு டிரைகோடெர்மா கலந்து போட்டேன், அதுவும் ஒரு பூஞ்சைதான், வேரோடு ஒட்டி வாழ்ந்து இந்தப் பியூசேரியத்தை எதிர்க்கும். ரஸ்தாளியே வேண்டும் என்பவர்கள், நோயில்லாமல் ஆய்வகத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்றாக வாங்குங்கள். ஆனால் மண்ணில் பூஞ்சை இருந்தால் அதையும் பிடிக்கும். சரி, இன்னொன்று: அந்த மூலையில் கொத்திய மண்வெட்டியைக் கழுவாமல் பூவன் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.